‘அன்பே சிவம்’: தியேட்டர் கைவிட்டதை வீடு எடுத்து வளர்த்த கதை

2003 பொங்கலுக்குத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் கடும் போட்டி. விக்ரமின் ‘தூள்’ பண்டிகைக்குச் சில நாள் முன்பே இறங்கிவிட்டது. விஜய்க்கு ‘வசீகரா’, விஜயகாந்துக்குச் ‘சொக்கத்தங்கம்’. இவற்றோடு ஜனவரி 15 அன்று வந்தது ‘அன்பே சிவம்’. கதை, திரைக்கதை கமல்ஹாசன், வசனம் மதன், இயக்கம் சுந்தர் சி, இசை வித்யாசாகர். கமலுடன் மாதவன், கிரண், நாசர். கணக்குப் பார்த்தபோது ‘தூள்’ பெரிய வெற்றி. ‘அன்பே சிவம்’ தோல்வி.

இன்று தமிழில் தங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நாற்பது வயதைத் தொட்டவர்களில் பலர் இந்தப் படத்தைச் சொல்கிறார்கள். படம் வந்தபோது பிறக்காதவர்களும் சொல்கிறார்கள். படத்தில் ஒரு காட்சி கூட மாறவில்லை. பார்த்தவர்களின் கருத்துதான் தலைகீழாகியிருக்கிறது. நகைச்சுவையும் சோகமும் கலந்த படங்களை நம் ரசிகர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. பொங்கலுக்கு வந்திருக்கக் கூடாது. கம்யூனிசப் பிரச்சாரம் தூக்கல். காலத்தை மீறிய படம். முதலாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாவதில் அதைவிடக் குறைவு. மூன்றாவது ஒரு பாராட்டு, விளக்கமாகாது. ரசிகனுக்கு அறிவு போதவில்லை என்று அதற்குள் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. 2003இல் டிக்கெட் வாங்கியவர்கள் அந்தப் படத்தைப் புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன். புரிந்ததால்தான் சங்கடப்பட்டார்கள்.

என்ன எதிர்பார்த்து உள்ளே போனார்கள்

ஒரு படத்துக்கு முதல் மூன்று நாள் கூட்டம் வருவது போஸ்டரில் இருக்கும் பெயர்களுக்காக. அந்தப் பெயர்கள் அப்போது எதைக் குறித்தன? சுந்தர் சி என்றால் ‘உள்ளத்தை அள்ளித்தா’ (1996). கார்த்திக், கவுண்டமணி, விழுந்து விழுந்து சிரிக்கும் குடும்பக் கூட்டம். கமல் என்றால், 2002இல் மட்டும் ‘பம்மல் கே. சம்பந்தம்’, ‘பஞ்சதந்திரம்’ என்று இரண்டு முழு காமெடிகள். இரண்டிலும் கிரேஸி மோகனின் வசனம். அதற்கு முந்தைய ஆண்டு மொட்டைத் தலையும் வெறியுமாக வந்த ‘ஆளவந்தான்’ சரியாகப் போகவில்லை. அதனால் ரசிகர்களின் கணக்கு எளிது: கமல் சிரிக்க வைக்கும்போது போகலாம், சோதனை செய்யும்போது யோசிக்கலாம். கமலும் சுந்தர் சியும் சேர்ந்தால் அது முதல் வகைதான் என்று குடும்பம் குடும்பமாக நம்பியதில் தப்பே இல்லை.

படமும் அந்த நம்பிக்கையைத் தொடக்கத்தில் கலைப்பதில்லை. புவனேஸ்வர் விமான நிலையம். மழையால் விமானம் ரத்து. விளம்பரப் பட இயக்குநர் அன்பரசு (மாதவன்), தன் பெயரையே ‘ஏ. அரஸ்’ என்று நறுக்கிக்கொண்ட ஆள், சென்னைக்குப் போயாக வேண்டும். பக்கத்தில் முகமெல்லாம் தழும்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, ஒரு கால் குட்டை, வாய் ஓயாத பேச்சு என்று ஒருவர். நல்லசிவம் (கமல்). அன்பரசு அவரைத் தீவிரவாதி என்று சந்தேகப்பட்டுப் போலீஸிடம் சொல்வதில் ஆரம்பித்து, அவரைக் கழற்றிவிட எடுக்கும் ஒவ்வொரு முயற்சியிலும் மாட்டிக்கொள்வது வரை, ஒரு மணி நேரத்துக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு பொருந்தாத ஆட்கள் ஒன்றாகப் பயணம் போக நேரும் இந்த அமைப்பை 1987இல் வந்த ‘பிளேன்ஸ், டிரெய்ன்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தோடு ஒப்பிட்டுப் பேசுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பயண அமைப்பு மட்டில் ஒப்பீடு சரி. நான் பேசப்போவது அந்த அமைப்புக்கு வெளியே இருக்கும் விஷயம்.

யாரோடு சேர்ந்து சிரித்தோம்

தமிழ் சினிமாவில் நகைச்சுவைக்கு நீண்ட காலம் தனி இருக்கை இருந்தது. என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் காலத்திலிருந்தே காமெடி பகுதி தனியாக எழுதப்பட்டுக் கதையின் பக்கத்தில் ஓடும். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காமெடியை எழுதியவர் ஏ. வீரப்பன், இயக்கியவர் கங்கை அமரன். யாருக்கும் இதில் குழப்பம் இருந்ததில்லை. கவுண்டமணியும் செந்திலும் வந்தால் சிரிக்கலாம், ராமராஜன் வந்தால் கதை. எப்போது சிரிக்க வேண்டும், எப்போது கர்ச்சீப்பை எடுக்க வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். இதை மட்டமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மணி நேரம் பல வயதினர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் அது நன்றாக வேலை செய்த ஏற்பாடு.

‘அன்பே சிவ’த்தில் காமெடியனுக்குத் தனி இருக்கை இல்லை. யூகி சேது வந்துபோகிறார், சரி. ஆனால் சிரிப்பின் பெரும்பகுதி மாதவன் கமலைப் பார்த்து எரிச்சல்படுவதிலிருந்து வருகிறது. நாம் மாதவன் பக்கம் நிற்கிறோம். அவர்தான் அழகாக இருக்கிறார், அவருக்குத்தான் அவசரம், அவர்தான் நம்மைப் போல் பேசுகிறார். பக்கத்தில் ஒட்டிக்கொண்ட அந்த விகாரமான முகத்திலிருந்து தப்பிக்க அவர் செய்வதெல்லாம் நமக்கு நியாயமாகவே படுகிறது. சிரிக்கிறோம்.

அதன் பிறகு பழைய கதை திறக்கிறது. இதே நல்லசிவம் ஒரு காலத்தில் துடிப்பான இளைஞர். வீதி நாடகக் கலைஞர், ஓவியர், தொழிலாளர்களின் கூலிக்காக முதலாளியை எதிர்த்து நின்றவர். முதலாளி கந்தசாமி படையாச்சியின் (நாசர்) மகள் பாலாவைக் (கிரண்) காதலித்தவர். ஊரைவிட்டுப் போகும் வழியில் பஸ் விபத்து. அந்த முகமும் அந்தக் காலும் அங்கே கிடைத்தவை. அவர் செத்துவிட்டார் என்று பாலாவிடமும், பாலாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அவரிடமும் படையாச்சி பொய் சொல்லியிருக்கிறார்.

ஒரு மணி நேரமாக எந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தோமோ, அந்த முகத்தின் கணக்கு இப்போது நம் கைக்கு வருகிறது. படம் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நாம் திருப்பித் திட்டியிருக்கலாம். பண்டிகை நாளில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்புக்காகக் கூசிக்கொண்டே வெளியே வருவதுதான் அன்றைய ரசிகருக்கு நேர்ந்தது. தியேட்டர் வாசலில் ‘படம் எப்படி?’ என்று கேட்டால் இதை யார் சொல்வார்கள்? ‘நல்லாத்தான் இருக்கு, செகண்ட் ஹாஃப் லேக்’ என்பார்கள். ‘கமலை அந்த மேக்கப்பில் பார்க்கவே முடியலை’ என்பார்கள். அன்று தியேட்டரில் பார்த்தவர்களிடம் இப்போது பேசினாலும் இந்த இரண்டு பதில்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டாவது பதிலை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். முதல் பாதியில் அதே மேக்கப்பை யாரும் குறை சொல்லவில்லை. சிரிக்க அது உதவியது. உறுத்த ஆரம்பித்தது பின்னால்தான்.

ரயில் விபத்துக் காட்சியும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது. அடிபட்ட ஒரு சிறுவனுக்கு அன்பரசு ரத்தம் கொடுக்கிறான். சினிமா பழக்கத்தில் நாம் அடுத்த ஷாட்டில் பையன் கண் திறப்பான் என்று காத்திருக்கிறோம். பையன் இறந்துவிடுகிறான். முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக அழும் அந்த மனம்தான் கடவுள் என்று நல்லசிவம் பேசுவது இங்கேதான். இன்று இணையத்தில் அதிகம் சுற்றும் காட்சி இதுவாகத்தான் இருக்கும். அன்றைக்கோ, குழந்தையைச் சாகடித்ததை மன்னிக்க முடியாது என்று சொன்ன தாய்மார்கள் உண்டு. அந்தக் கருத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. சிரிக்கலாம் என்று கூப்பிட்டுவிட்டு ஒரு பிள்ளையின் சாவைக் காட்டுவது பெரிய கேள்விதான்.

அதே ஆண்டு செப்டம்பரில் சுந்தர் சி ‘வின்னர்’ எடுத்தார். வடிவேலுவின் கைப்புள்ளையைத் தமிழ்நாடே தலையில் வைத்துக் கொண்டாடியது. அதே இயக்குநர், அதே ஆண்டு, அதே மக்கள். அடிவாங்கி நொண்டும் உடலைப் பார்த்து அங்கேயும்தான் சிரித்தோம். ஆனால் கைப்புள்ளையின் காயத்துக்கு யாரும் நம்மிடம் கணக்குக் கேட்கவில்லை.

டிவி என்ன செய்தது

இந்தப் படத்தைக் காப்பாற்றியது தொலைக்காட்சி என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எப்படிக் காப்பாற்றியது என்று யோசிப்பவர்கள் குறைவு. பலமுறை போட்டால் எந்தப் படமும் பழகிவிடும் என்பது போதாத பதில். பலமுறை போட்டும் யாருக்கும் ஒட்டாத படங்கள் எத்தனையோ.

டிவியில் ஒரு படத்தை யாரும் டைட்டிலிலிருந்து பார்ப்பதில்லை. சமையல் முடித்து வரும்போது எது ஓடுகிறதோ அது. ஒரு ஞாயிறு விபத்துக்குப் பிந்தைய பகுதி. இன்னொரு விடுமுறை நாளில் விமான நிலையம். வேறொரு நாள் வீதி நாடகம். இயக்குநர் கோத்த வரிசை கலைந்துவிடுகிறது. நல்லசிவத்தின் முகம் எப்படி அப்படியானது என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு விமான நிலையக் காட்சியைப் பார்ப்பவர் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவர் நல்லசிவத்தின் பக்கம். தன் வலியையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, முரட்டுப் பயலான இந்த அன்பரசுவிடம் இத்தனை பொறுமையாக விளையாடுகிறாரே என்று தோன்றுகிறது. அதே வசனத்துக்குச் சிரிப்பு வருகிறது. இந்தச் சிரிப்பில் கூச்சம் இல்லை.

நகைச்சுவையும் துயரமும் ஒரே ஆளுக்குள் இருக்கும் படம் முதல் தடவையில் ரசிகரை மடக்கிவிடும். இரண்டாம் தடவைதான் உள்ளே விடும். 2003இன் தியேட்டருக்கு இரண்டாம் தடவைக்கு நேரம் இல்லை. மவுத் டாக் மெதுவாகப் பரவிய காலம். வாரப் பத்திரிகை விமர்சனம் கைக்கு வருவதற்குள் கூட்டம் குறைந்திருக்கும். தியேட்டர்காரர் ஓடுகிற படத்துக்குக் காட்சிகளைக் கூட்டியிருப்பார். ரிப்பீட் ஆடியன்ஸ் உருவாக வேண்டிய படம், ரிப்பீட் பண்ண இடமில்லாமல் போனது.

தொலைக்காட்சிக்கு வெளியே ஒரு விஷயமும் உதவியது. படத்தில் நல்லசிவம் அன்பரசுவுக்குச் சுனாமி என்றால் என்னவென்று விளக்குவார். 2003இல் அது பல வசனங்களில் ஒரு வசனம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தச் சொல் தெரியாத வீடு தமிழ்க் கடற்கரையில் இல்லை. ‘கமல் அப்பவே சொன்னார்’ என்ற பேச்சு அப்போது தொடங்கி இன்றுவரை நிற்கவில்லை. அது தற்செயல், படத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் படத்தை மறுபடி தேட ஒரு காரணம் கிடைத்தது. சுனாமிக்காக வந்து பார்த்தவர்கள் சிறுவனுக்காக அழுதார்கள்.

மற்ற படங்களை ஏன் உடனே ஏற்றார்கள்

என் விளக்கம் சரி என்றால், இதே கலவையைச் செய்து முதல் வாரத்திலேயே ஜெயித்த படங்களில் ரசிகரை மடக்கும் அந்த இடம் இருக்கக் கூடாது. பார்ப்போம்.

மிகப் பழைய உதாரணம் ‘சர்வர் சுந்தரம்’ (1964). கதை கே. பாலசந்தர், இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. நாகேஷ் சிரிக்கவும் வைத்தார், காதலையும் தாயையும் இழந்து அழவும் வைத்தார். படம் பெரிய வெற்றி. அங்கே ரசிகர் ஆரம்பம் முதலே சுந்தரத்தின் தோள் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவனை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் வேறு யாரோ. ஆக, நம் மக்களுக்குக் கலவையே பழக்கமில்லை என்ற வாதம் 1964லேயே உடைந்துவிட்டது.

அடுத்தது கமலே நடித்த ‘வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004). சரண் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், இந்தி ‘முன்னா பாய்’ படத்தின் தமிழ் வடிவம். ‘அன்பே சிவம்’ வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதிலும் ஒரு இளம் புற்றுநோயாளி சாகிறார். தியேட்டரே அழுதது, அடுத்த சில நிமிடங்களில் சிரித்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்தப் படத்தின் சிரிப்பு கல்லூரி டீனையும் ஆஸ்பத்திரி ஒழுங்கையும் பார்த்து வருவது. நோயாளியைப் பார்த்து வருவது கிடையாது. அழும்போது எடுத்து வைத்துச் சரிபார்க்க வேண்டிய பழைய சிரிப்பு எதுவும் இல்லை.

என் விளக்கத்துக்கு உண்மையான சோதனை ராதா மோகனின் ‘மொழி’ (2007). எம்.எஸ். பாஸ்கர் நடித்த பேராசிரியர் 1984லேயே நின்றுபோனவர். அந்த ஆண்டுச் செய்திகளை இன்றைய செய்தி போலப் பேசுவார். பிரகாஷ்ராஜ் திணறுவார், நாம் சிரிப்போம். பிறகுதான் தெரியும், அவருடைய மகன் இறந்தது 1984இல், மனசு அங்கேயே தங்கிவிட்டது. ‘அன்பே சிவ’த்தில் நடந்தது அப்படியே இங்கும் நடக்கிறது. நாம் சிரித்த ஆளின் புண் காட்டப்படுகிறது. ஆனால் ‘மொழி’ முதல் ஓட்டத்திலேயே ஜெயித்தது.

இதற்கு நான் இரண்டு காரணம் பார்க்கிறேன். பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தபோது அதில் வெறுப்பு இல்லை, வியப்புதான் இருந்தது. அவரிடமிருந்து தப்பி ஓட நாம் ஆசைப்படவில்லை. இன்னொன்று, திரையிலேயே நம் சார்பில் ஒருவர் கடனை அடைக்கிறார். கார்த்திக் என்ற பாத்திரத்தில் வரும் பிருத்விராஜ், மகன் இறந்துவிட்டான் என்பதை அவருக்கு உணர்த்தி, அத்தனை ஆண்டாக அழாத அழுகையை அழவைக்கிறார். தியேட்டரும் சேர்ந்து அழுது சமாதானமாகிவிடும். ‘அன்பே சிவ’த்தில் அன்பரசு மனம் மாறுகிறான், உண்மைதான். நல்லசிவத்தை அண்ணனாகவே ஏற்கிறான். ஆனால் அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்தான் பாலா என்று நமக்குத் தெரியும்போது அந்தச் சமாதானமும் கையை விட்டுப் போகிறது. நல்லசிவம் படையாச்சியிடம் தொழிலாளர்களுக்கான கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நாயோடு நடந்து போய்விடுகிறார். கடன் நம்மிடமே நிற்கிறது.

அண்மைக்கு வந்தால் ‘டூரிஸ்ட் பேமிலி’. 2025 மே 1, சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில், அபிஷன் ஜீவிந்த் என்ற புதிய இயக்குநரின் படம். சசிகுமார், சிம்ரன். பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து படகில் வந்து, சென்னையில் ஒரு தெருவில் யாரென்று தெரியாமல் வாழப் பார்க்கும் தமிழ்க் குடும்பம். ஈழத்து உச்சரிப்பு வாயில் வந்துவிடக் கூடாது என்ற தவிப்பிலிருந்துதான் சிரிப்பு பிறக்கிறது. இன்னொருவர் பேச்சைக் கேலி செய்து கிடைக்கும் சிரிப்பாக அது எளிதில் மாறியிருக்கும். மாறவில்லை, ஏனென்றால் ரசிகர் அந்தக் குடும்பத்தோடு படகிலிருந்தே இறங்கி வந்தவர். பெரிய படத்துக்கு எதிரே சின்னப் படம் ஜெயித்ததற்கு இன்னொரு காரணம் வேகம். முதல் காட்சி முடிந்து வெளியே வந்தவர்கள் அன்று மாலைக்குள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். 2003இல் இந்த வேகம் இருந்திருந்தால் ‘அன்பே சிவம்’ பிழைத்திருக்குமா? பலர் ஆமாம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று மாலைக்குள் ஊருக்கெல்லாம் பரவியிருக்கக் கூடியது ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இன்றும் பிடிக்காதவர்கள்

பழைய படங்களைப் பற்றிய கருத்தைச் சேகரிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பிடித்தவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். அதனால் எதிர்க்கருத்தைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பிரச்சாரம் என்ற குறை இன்னும் இருக்கிறது, ஆனால் பலம் குறைந்துவிட்டது. படையாச்சி வாய்க்கு வாய் ‘தென்னாடுடைய சிவனே போற்றி’ என்று சொல்லிக்கொண்டே கூலியைக் குறைப்பதை அன்று சிலர் பக்தி மீதான தாக்குதலாகப் பார்த்தார்கள். இன்று அதை நாசரின் நடிப்புக்காக ரசிக்கிறார்கள். மாதவனின் பாத்திரம் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்ற கருத்தும் கேட்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாத்திரம் அவ்வளவு சத்தமாக இல்லாவிட்டால் நாம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்திருக்க முடியாது.

புதிதாகப் பார்க்கும் இளம்பெண்கள் சிலர் சொல்வதுதான் கனமானது. பாலாவின் வாழ்க்கையை அவளைச் சுற்றியிருக்கும் ஆண்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். அப்பா பொய் சொல்கிறார். காதலித்தவர் தான் உயிரோடு இருப்பதைச் சொல்லாமலே விலகுகிறார், அதுவும் தியாகம் என்ற பெயரில். பாலா அதிர்ச்சி அடையவோ, கோபப்படவோ, தேர்ந்தெடுக்கவோ படத்தில் இடமே இல்லை. நல்லசிவத்துக்காக உருகி அழுதுகொண்டிருந்த எனக்கு இதை முதலில் கேட்டபோது எரிச்சல் வந்தது. பிறகு மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் சொல்வது சரி. தொழிலாளர்களின் கூலிக்காக ஒரு கையெழுத்தை விடாப்பிடியாக வாங்கும் மனிதர், பாலாவிடம் ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம். அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று படம் யோசித்திருந்தால், அந்தக் கடைசி அரை மணி நேரம் இப்போது இருப்பதைவிடக் கடினமாகவும் நேர்மையாகவும் இருந்திருக்கும்.